அரை ரொட்டியும் தாஹாப் ஒன்றும்

மலேசியாவின் பேராவில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது பாக்கியம் அக்காவின் ஒட்டுக்கடை. அக்கா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறியதும் கத்தியை வைத்துவிட்டு ரொட்டிக் கல்லைப் பிடித்தார். அதே செம்பனையில் சேகர் மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்து உட்காருவான். நான் பக்கத்து மேசை. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. பெரட்டில், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில், கத்திக் கத்திப் பழகிய அவன் குரலைக் கேட்காமல் இருப்பதுதான் சிரமம்.

சேகர்: அக்கா, ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி. அப்படியே ஒரு பேனா.

பாக்கியம்: கடன் நோட்டில் கையெழுத்துப் போடப் போகிறாயா?

சேகர்: பையனின் பள்ளித் தாள், அக்கா. ஐந்தாம் ஆண்டு. நாளைக்குக் கொடுக்க வேண்டுமாம். 'இந்த மாதம் என்ன கற்றேன்? எது கடினமாக இருக்கிறது? அடுத்த மாதம் என் இலக்கு என்ன?' மூன்று கட்டம். எல்லாவற்றையும் நானே எழுதி முடித்துவிட்டேன். என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பாக்கியம்: கற்றது யார்?

சேகர்: பையன்.

பாக்கியம்: கஷ்டப்பட்டது?

சேகர்: பையன்தான்.

பாக்கியம்: எழுதியது மட்டும் நீ. நல்ல ஏற்பாடு. அவனுக்குப் பசித்தால் நீ சாப்பிடுவாயா?

சேகர்: அவன் பென்சிலில் என்னவோ கிறுக்கி வைத்திருந்தான், அக்கா. டீச்சர் பார்த்தால் மானம் போய்விடும். ரப்பரை எடுத்துச் சுத்தமாக அழித்துவிட்டு, பேனாவில் அழகாக எழுதினேன்.

பாக்கியம்: பிள்ளை எழுதியதை நீ அழிப்பதற்கா நான் முப்பது வருடம் பால் வெட்டினேன்? கொடு இப்படி. 'என்ன கற்றேன்: எல்லாம் கற்றேன். எது கடினம்: ஒன்றும் இல்லை. இலக்கு: நன்றாகப் படிப்பேன், தாஹாப் 1 பெறுவேன்.' டீச்சர் பாடத்துக்குப் பாடம் போடும் தாஹாப், அதில் ஒன்றா?

சேகர்: அவன் மூன்று என்று எழுதியிருந்தான். மூன்றாவதாக வருவதற்கு ஒரு இலக்கு தேவையா? என் பிள்ளை முதலாவதாக வரவேண்டும்.

அக்கா ரொட்டி மாவைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தார். மாவு வந்து கல்லின் ஓரத்தில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அக்காவின் கை தவறி நான் பார்த்ததில்லை.

பாக்கியம்: தம்பி, போன தடவை கணிதத்தில் அவனுக்கு என்ன தாஹாப்?

சேகர்: இரண்டு! ஒரு நிலையில்தான் முதலிடம் போயிற்று. சந்தோஷத்தில் ஈப்போ வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் கே.எப்.சி. வாங்கிக் கொடுத்தேன்.

பாக்கியம்: மலாய் மொழியில்?

சேகர்: அதைக் கேட்காதீர்கள். ஐந்து. வந்த கோபத்தில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். மூன்று வாரமாகத் திடலுக்கு நடந்துதான் போகிறான்.

பாக்கியம்: அட பாவி. அது முதலிடம், இரண்டாமிடம் என்கிற கணக்கு இல்லை தம்பி, படி. ஒன்றில் ஏற ஆரம்பித்து ஆறு வரைக்கும் போக வேண்டும். ஒன்று என்றால் பாடம் என்னவென்று தெரியும். இரண்டு என்றால் புரியும். மூன்று என்றால் செய்யத் தெரியும், குறைந்தது அதுவாவது வேண்டும் என்கிறார்கள். ஆறு என்றால் மற்றவனுக்கு முன்மாதிரி. என் பேத்தி நான்காம் ஆண்டு. டீச்சர் இங்கேதான் நெஸ்காப்பே குடிப்பார், நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சேகர்: அப்படியானால்... ஐந்து?

பாக்கியம்: பிரமாதம்.

சேகர்: இரண்டு?

பாக்கியம்: அதற்குத்தான் நீ கோழி வாங்கிக் கொடுத்தாய்.

சேகர் தே தாரிக்கை எடுத்து ஊதினான். அது ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

சேகர்: அந்தப் பயல் ஏன் அக்கா சொல்லவில்லை?

பாக்கியம்: தாஹாப் இரண்டுக்கு ஒரு கோழி. ஆறு வாங்கினால் வீட்டையே பூட்டிவிடுவாய் என்று பயந்திருப்பான். நீ சொல்கிறாயா, நானா?

சேகர்: எங்கள் காலத்தில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 1997-இல் நான் ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை, யு.பி.எஸ்.ஆர். எழுதினேன். ஏ என்றால் ஏ. ஏழு ஏ எடுத்தால் கோயிலில் மாலை போடுவார்கள்.

பாக்கியம்: உனக்குப் போட்டார்களா?

சேகர்: அன்றைக்குக் கோயில் திறக்கவில்லை.

பாக்கியம்: 2021-இல் யு.பி.எஸ்.ஆரையே எடுத்துவிட்டார்கள். மறு வருடம் இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3-உம் போயிற்று. இப்போது வருடம் முழுக்க வகுப்பில் பார்த்துப் பார்த்துத்தான் தாஹாப் போடுகிறார்கள். பெரிய பரீட்சை போய்விட்டது என்று நீயும் கவலையில்லாமல் இருந்துவிட்டாய். சரி, ரொட்டி வருகிறது. அதற்குள் அந்தத் தாளை விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடி. பையன் பென்சிலை அழுத்தி எழுதுகிறவன், தழும்பு தெரிகிறது.

சேகர்: தெரிகிறது... 'எது கடினம்: பின்னம் கூட்டுவது. பகுதி எண் வேறாக இருந்தால் குழம்புகிறது. அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் குழம்பியது.'

அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சேகர்: இதனால்தான் அழித்தேன்! எனக்கென்ன குழப்பம்? அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்தில் இரண்டு. முடிந்தது.

பாக்கியம்: இதோ ரொட்டி. ஆறு துண்டாக வெட்டுகிறேன், பார். பாதி உனக்கு. எத்தனை துண்டு?

சேகர்: மூன்று.

பாக்கியம்: முழு ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு?

சேகர்: இரண்டு துண்டு.

பாக்கியம்: அதையும் உன் தட்டில் வைக்கிறேன். இப்போது?

சேகர்: ஐந்து துண்டு.

பாக்கியம்: ஆறில் ஐந்து. நீ சொன்ன ஐந்தில் இரண்டு, பாதியை விடக் குறைச்சல். பாதி ரொட்டி தின்றவன் மேலே இன்னும் இரண்டு துண்டு தின்றால், வயிற்றில் பாதியை விடக் குறைந்துபோகுமா? எந்த ஊர் ரொட்டி அது?

சேகர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்த ஒரு துண்டை அக்கா மேசைக்கடியில் இருந்த பூனைக்குப் போட்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஆனால் நான் பேசவில்லை, நான் பக்கத்து மேசை.

சேகர்: சரி அக்கா, கணக்கு தப்பு. ஆனால் 'நன்றாகப் படிப்பேன்' என்று எழுதியதில் என்ன தப்பு?

பாக்கியம்: நாளைக்குப் பெரட்டில் ஒரு வெட்டுக்காரன் 'மண்டோர், இன்றைக்கு நன்றாக வேலை செய்வேன்' என்கிறான். நீ என்ன சொல்வாய்?

சேகர்: எந்த நிரையில், எத்தனை குலை என்று கேட்பேன்.

பாக்கியம்: அப்புறம்?

சேகர்: மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருந்தால்தான் குலையில் கை வை, பச்சைக் குலையை வெட்டாதே என்பேன். காம்பை ஒட்ட வெட்டு, நீளக் காம்பு இருந்தால் மில்லில் பிடித்துக்கொள்வார்கள். உதிரியைப் பொறுக்காமல் வராதே. சாயங்காலம் நானே ஒவ்வொரு குலையாகப் புரட்டிப் பார்ப்பேன்...

பாக்கியம்: குலைக்கு இவ்வளவு கேள்வி. பிள்ளைக்கு 'நன்றாகப் படிப்பேன்' போதுமா?

சேகர்: அதனால்தான் தினமும் 'ஒழுங்காகப் படி' என்று கத்துகிறேனே.

பாக்கியம்: கத்தினதை நானும் பார்த்திருக்கிறேன், தம்பி. பால் வெட்டில் கத்தி, கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் பக்கம் வரைக்கும் போகவேண்டும். மேலோடு வெட்டினால் பால் வராது. அதைத் தாண்டினால் காயம், புதுப் பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் அந்த இடத்தில் கத்தி ஓடாது. எங்கள் முதல் மண்டோர் 'நல்லா வெட்டு, நல்லா வெட்டு' என்று தொண்டை கிழியக் கத்துவார். அந்த வருடம் முழுக்க மரத்திலெல்லாம் என் காயம். அவருக்கு அப்புறம் ஒருவர் வந்தார், வாயைத் திறக்கவே மாட்டார். நேற்று வெட்டிய மரத்தடியில் என்னை நிறுத்துவார். 'காயம் எங்கே? நீயே விரல் வை.' வைப்பேன். 'ஏன்?' என்பார். அன்றைக்குத்தான் நான் யோசித்தேன். கோடு திரும்பும் இடத்தில் என் மணிக்கட்டு இறங்கிவிடுகிறது. 'சரி, இன்றைக்கு அந்தத் திருப்பத்தை மட்டும் பார்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சேகர்: ஒரே ஒரு திருப்பம் மட்டுமா?

பாக்கியம்: அது சரியான பிறகு அடுத்தது. உன் பையன் தானாகவே விரல் வைத்திருக்கிறான். பகுதி எண் வேறாக இருந்தால் என்று எழுதியிருக்கிறான், பார்த்தாயா? கணக்கு வரவில்லை என்று எழுதவில்லை. நீ அந்த விரலைத்தான் ரப்பர் போட்டு அழித்தாய்.

சேகர்: அப்படியானால் இலக்கில் என்ன எழுத, அக்கா? நீங்களே சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன்.

பாக்கியம்: மறுபடியும் பேனாவைத் தூக்குகிறான் பார்! பையனிடம் கேள். தினமும் இரண்டு கணக்கா மூன்றா, அவன் சொல்லட்டும். போடுவதற்கு முன்னால், விடை பாதியை விடக் கூடவா குறைச்சலா என்று ஊகித்துப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை அவனே எண்ணிப் பார்த்து, எது தப்பு, ஏன் தப்பு என்று சொல்லட்டும். நீ பக்கத்தில் உட்கார். வாயை மட்டும் மூடிக்கொள்.

சேகர்: அதுதான் கடினம்.

பாக்கியம்: இரண்டாவது கட்டத்தில் எழுது.

சேகர்: தாள் பாழாகிவிட்டதே, அக்கா. பேனா மை அழியாது.

பாக்கியம்: டீச்சர் நாளைக் காலை நெஸ்காப்பேக்கு வருவார். புதுத் தாள் ஒன்று கேட்டு வைக்கிறேன். காரணம் கேட்டால் பூனை தின்றுவிட்டது என்று சொல்லவா, உண்மையைச் சொல்லவா?

சேகர்: பூனையே போதும்.

பாக்கியம்: முதலில் போய் அந்தச் சைக்கிளை அவிழ்த்துவிடு.

சேகர் எழுந்து சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவிப் பார்த்தான். இரண்டு சாவி வந்தது. ஒன்று மோட்டார் சைக்கிள், ஒன்று தோட்டத்து ஸ்டோர். மூன்றாவதைக் காணவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கோபத்தில் எங்கே வீசினான் என்பதே நினைவில்லை.

சேகர்: சங்கிலியை வெட்டிவிடுகிறேன், அக்கா. எவ்வளவு ஆயிற்று?

பாக்கியம்: தே இரண்டு வெள்ளி, ரொட்டி ஒன்று எண்பது.

சேகர்: நில்லுங்கள். ஒன்று எண்பதை ஆறாகப் பிரித்தால் துண்டுக்கு முப்பது காசு. நான் தின்றது ஐந்து துண்டு. ஒன்றரை வெள்ளி.

பாக்கியம்: ஆறாவது துண்டு?

சேகர்: பூனைக்குப் போட்டது நீங்கள்.

அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்தார்.

பாக்கியம்: தாஹாப் மூன்று. மூன்றரை வெள்ளி வை.