அஸ்டெக் மூலிகையில் ரகசியம் எங்கே இருக்கிறது?

கொஞ்ச நாளாக என் டைம்லைனில் "அஸ்டெக் மன்னர்களின் ரகசிய மூலிகை" என்று ஒரு பொடி விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்வு, வெளியே சொல்லக் கூச்சப்படும் இன்னும் ஒன்றிரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. சொந்தக்கார அண்ணி ஒருவர் குடும்பக் குழுவிலும் அதைப் போட்டுவிட்டார். உள்ளே என்ன செடி இருக்கிறது என்று விளம்பரத்தில் ஒரு வரி கிடையாது. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் ஒன்று: ஸ்பெயின்காரர்கள் பிடிப்பதற்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் மருத்துவத்தில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அது சந்தைக் கடைத்தெருவில் நடந்த தொழில். 1520இல் ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் எர்னான் கோர்டெஸ், அஸ்டெக் தலைநகரை ஒட்டிய ட்லாடெலோல்கோ சந்தையைப் பார்த்து வாய்பிளந்து எழுதுகிறார். வேர், மூலிகை விற்க அங்கே தனித் தெருவே இருந்ததாம். குடிக்கும் மருந்து, களிம்பு, பற்று எல்லாம் தயாராக வைத்து விற்கும் கடைகளும் இருந்தன. நாட்டைப் பிடிக்க வந்த ஆள் சொன்ன சாட்சி இது, அதனால் நம்பலாம். அஸ்டெக் மன்னர் முதலாம் மொக்டெசூமா உவாஷ்டெபெக் என்ற இடத்தில் பெரிய தோட்டம் போட்டபோது வெப்பப் பகுதிச் செடிகளை மட்டும் கொண்டுவரச் சொல்லவில்லை. அவற்றை வளர்க்கத் தெரிந்த தோட்டக்காரர்களையும் சேர்த்தே வரவழைத்தார். இன்று மெக்சிகோ நகரத்தின் சொனோரா சந்தைக்குப் போனாலும் கட்டுக்கட்டாக மூலிகை வாங்கலாம்.

நமக்கு இதெல்லாம் தெரிய வந்த கதை சுவாரசியமானது. அதே ட்லாடெலோல்கோவில் 1536இல் பிரான்சிஸ்கன் பாதிரிமார் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அங்கே இருந்த மார்டின் தெ லா க்ரூஸ் என்ற நாவா (அஸ்டெக் மொழி பேசும் இனம்) வைத்தியர் 1552இல் ஒரு மூலிகை நூலை உருவாக்கினார். ஷோச்சிமில்கோவைச் சேர்ந்த ஹுவான் பாடியானோ அதை லத்தீனில் எழுதினார். ஸ்பெயின் மன்னர் கண்ணில் பட்டால் கல்லூரிக்குக் கொஞ்சம் பணம் வரும் என்ற கணக்கும் அதன் பின்னால் இருந்தது. முகப்பிலேயே ஆசிரியரைப் பற்றி, ஏட்டுப்படிப்பால் வந்தவர் அல்லர், அனுபவத்தால் மட்டுமே கற்றவர் என்று போட்டிருக்கிறது. ஸ்பெயின் போய், ரோம் போய், வாடிகன் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 1929இல் ஆய்வாளர் ஒருவர் கண்ணில் பட்டது அந்தப் புத்தகம். 1990இல் போப் இரண்டாம் ஜான் பால் அதை மெக்சிகோவுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அதன் படங்களை இணையத்தில் பாருங்கள். செடியை வேரோடு வரைந்து, வேருக்கடியில் அது வளரும் மண்ணையும் வரைந்திருக்கிறார்கள். சிலவற்றில் கல், சிலவற்றில் நீர். ஒரு செடியின் வேரைச் சுற்றி எறும்புகள் ஊர்கின்றன. எறும்புப் புற்றோரம் முளைக்கும் செடி என்று பெயரிலேயே சொன்னதைப் படத்திலும் காட்டியிருக்கிறார்கள். காட்டுக்குள் போய்த் தேடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அதே புத்தகத்தில் அரசாங்கப் பதவியில் இருப்போரின் களைப்பைப் போக்க என்று ஒரு வைத்தியமும் உண்டு. வாசனைப் பூக்களை ஊறவைத்து, அதில் காட்டு விலங்குகளின் ரத்தமும் சேரும். அந்தப் பூக்களில் ஒன்று நாம் ஈழத்தலரி என்று கோயில் வாசலில் பார்க்கும் மரத்தின் பூ. இடி தாக்கியவனுக்கும் மருந்து சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் பலித்திருக்கும் என்று நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டியதில்லை.

"பாட்டன் சொன்னது பொய்யாகாது" கூட்டமும், "எல்லாம் மூடநம்பிக்கை" கூட்டமும் எனக்கு ஒரே அளவு எரிச்சல் தருகின்றன. இரண்டு பேருமே ஒரு செடியைக்கூடத் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. மருந்துச் செடி விஷயத்தில் மொத்தக் கொள்முதல் செல்லாது.

காயத்துக்கு அஸ்டெக் மக்கள் செய்ததைப் பாருங்கள். முதலில் சிறுநீரால் கழுவுவார்கள். சுத்தமான குடிநீர் கைக்கெட்டாத இடத்தில் அது மோசமான யோசனை இல்லை. பிறகு மகேய்ச் சாற்றைச் சூடாக ஊற்றுவார்கள். நம்மூரில் ரயில் கற்றாழை என்போமே, அந்த இனம். அதோடு உப்பும் உண்டு. உதடு கிழிந்தால் தலைமுடியால் தைப்பார்கள். 1983இல் வெளியான ஓர் ஆய்வு அந்தச் சாற்றைக் கிருமிகள் மேல் சோதித்தது. சாறு கிருமி வளர்ச்சியைத் தடுக்கிறது, உப்பு சேர்ந்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. இது தேறிய கேஸ்.

அடுத்தது சிவாபட்லி. பிரசவ வலி எழாமல் தவிக்கும் பெண்ணுக்கு மருத்துவச்சி கொடுத்த செடி இது. கருப்பையைச் சுருங்கவைக்கும் பொருள்கள் அதில் இருப்பதைப் பிற்காலத்தில் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அரை விரல் அளவுக்கு ஒபோசம் என்ற விலங்கின் வாலை அரைத்துக் கொடுப்பதாகப் பதிவு இருக்கிறது. வால் வேலை செய்ததா என்பதை விடுங்கள். "அரை விரல்" என்று அளவு சொன்னார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம். இப்போது யோசியுங்கள்: கருப்பையைச் சுருக்கும் இந்தச் செடியை "பெண்களுக்கான டானிக்" என்று டப்பாவில் அடைத்து, மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

எபசோட்டே இன்னொன்று. மெக்சிகோவில் பீன்ஸ் வேகவைக்கும்போது இரண்டு இலை கிள்ளிப் போடுவார்கள். குடற்புழுவுக்கும் அதுதான் கைவைத்தியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழு ஒழிப்புக்கு அந்த இனச் செடியின் எண்ணெயை வடித்து ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தார்கள். புழு செத்தது. அளவு தப்பிய இடத்தில் ஆளும் செத்தார்கள். குழம்பில் போட்டால் பதம், வடித்து எண்ணெயாக்கினால் ஆபத்து. "இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கட்டும்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தரிசு நிலமெல்லாம் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் பிரம்மதண்டு மெக்சிகோ பக்கத்துச் செடி. அங்கே அதன் பெயர் சிகாலோட்டே. கண் நோய்க்கு அங்கே பயன்படுத்தினார்கள், இங்கேயும் நாட்டு வைத்தியத்தில் கண்ணுக்குச் சொல்கிறார்கள். அதன் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998இல் டெல்லியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் கடந்து வந்த செடியை நாம் பாட்டன் சொத்து என்கிறோம், பரவாயில்லை, செடிக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் பழசு என்பதே பத்திரம் என்று ஆகாது.

இதை நவீன மருத்துவத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அஸ்டெக் மக்களே சொன்னது. பெர்னார்டினோ தெ சகாகுன் என்ற பாதிரியார் நாவா அறிஞர்களோடு உட்கார்ந்து பல வருடம் தொகுத்த பெரும் நூலில் நல்ல வைத்தியர், கெட்ட வைத்தியர் இருவரையும் வர்ணிக்கிறார்கள். நல்லவர் செடி, கல், மரம், வேர் அறிந்தவர். சோதித்துப் பார்த்தவர், நிதானம் உள்ளவர். கெட்டவர் ஏமாற்றுக்காரர். மருந்தாலேயே கொல்பவர், அளவுக்கு மீறிக் கொடுப்பவர், நோயை முற்றவைப்பவர். நம் டப்பா வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடைக்குமா?

அந்த நூலின் மூலிகைப் பகுதியில் தகவல் சொன்ன ட்லாடெலோல்கோ வைத்தியர்கள் எட்டுப் பேரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. காஸ்பர் மத்தியாஸ், பெட்ரோ தெ சந்தியாகோ என்று தொடங்கும் பட்டியல். ஒரு பெண் பெயர்கூட இல்லை. பிரசவம் பார்த்ததும், நீராவிக் குளியலில் உட்காரவைத்துத் தாயைத் தேற்றியதும் மருத்துவச்சிகள்தான். அதே நூல் பெண் வைத்தியர்களைத் தனியாக வர்ணிக்கவும் செய்கிறது. பெயர் மட்டும் ஆண்களுக்கு. இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அது வேறு பதிவு.

அழிந்துபோனதும் நிறைய. 1571 முதல் 1577 வரை ஸ்பெயின் மன்னரின் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டெஸ் அந்த நாடு முழுக்க அலைந்து சுமார் 3,000 செடிகளைப் பதிவு செய்தார். அவருடைய மூலப் பிரதிகள் 1671இல் எஸ்கோரியல் அரண்மனைத் தீயில் எரிந்துபோயின. அதைவிடப் பெரிய இழப்பு, செடி தெரிந்த மனிதர்கள் 1520, 1545, 1576 என்று அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய்களில் கொத்துக்கொத்தாக மடிந்தது.

"அலோபதி கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று கமெண்டில் ஒருவர் வருவார், தெரியும். மெக்சிகோக்காரர்களே தங்கள் மூலிகைகளை ஆராய 1975இல் அரசு நிறுவனம் தொடங்கினார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் பாட்டனுக்கு அவமானம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகம் எந்தச் செடி, எந்த ஊரில், எதற்கு, எந்தப் பாகம் என்று ஒரு மின்நூலகமே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்பானிஷில் இருக்கிறது, பிரவுசரே மொழிபெயர்த்துவிடும். அண்ணிக்கு அதன் லிங்க் அனுப்பியிருக்கிறேன். பொடி விற்கிறவர் செடியின் பெயரைச் சொன்னதும் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை அவர் பெயரைச் சொல்லவில்லை.