அலமாரி அழுகலைத் தடுக்காது

ரிம்வேர்ல்ட் என்ற வீடியோ கேமில் இறைச்சியை அலமாரியில் வைத்தால் கெடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. வெட்டவெளியில் வைத்தாலும் அலமாரியில் இருக்கும் பொருள் சிதையாது. துணி, ஆயுதத்துக்கு அது போதும். ஆனால் அழுகல் வேறு கணக்கு, அது வெப்பநிலையை மட்டுமே பார்க்கும். பச்சை இறைச்சி 2 நாள், சாதாரணச் சாப்பாடு 4 நாள், தரையோ அலமாரியோ. 10 டிகிரிக்குக் கீழே மெதுவாகும், 0 டிகிரியில் நின்றுவிடும். கூலர் போட்ட அறைதான் வழி. கூலரின் சிவப்புப் பக்கம் (சூடு வெளியேறும் பக்கம்) அறைக்கு வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் சூட்டை உள்ளேயே தள்ளும் (புதுசா ஆடுறவங்க நிறைய பேர் இங்கதான் மாட்டுவாங்க). அந்தக் குளிர் அறைக்குள் அலமாரி போடுங்கள், தாராளமாக: 1.4 பதிப்பிலிருந்து அலமாரியின் ஒரு கட்டத்தில் 3 ஸ்டாக் (பொருள் அடுக்கு) அடங்குகிறது.