நாற்பத்தைந்து விநாடி

அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி விழாவின் அந்த நன்கொடைக் கடிகாரத்தை இன்னும் 'செம காமெடி' என்று பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். சரி, எனக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2025 விழாவில் தொகுப்பாளர் நேட் பர்காட்ஸி செய்தது என்ன? பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப் என்ற சிறுவர் தொண்டு அமைப்புக்கு 1,00,000 டாலர் தருவேன் என்றார். விருது வாங்குபவர் 45 விநாடியைத் தாண்டினால் விநாடிக்கு 1,000 டாலர் கழிப்பேன். அதாவது, உன் அம்மாவுக்கு நன்றி சொன்னால் யாரோ ஒரு பிள்ளையின் பணம் குறையும். விருது வாங்கிய நடிகர் ட்ரமெல் டில்மன் தன் முதல் நடிப்பு ஆசிரியரே அம்மாதான் என்றாரே, அந்த வாக்கியத்துக்கு எத்தனை டாலர் கழிப்பீர்கள்? நடிகை ஹானா ஐன்பைண்டர் கூடுதலாகப் பேசிவிட்டு, குறைகிற பணத்தை நானே கட்டிவிடுகிறேன் என்றார். விருது வாங்க வந்தவர் அபராதம் கட்டுகிறார்!

'கடைசியில் 3,50,000 டாலர் கொடுத்துவிட்டார்களே' என்பீர்கள். கொடுத்தார்கள், சந்தோஷம். அதை முதலிலேயே கொடுத்துவிட்டு அவர்களைப் பேச விட்டிருக்கலாமே. 'விழா இழுக்கும்' என்பீர்கள். இழுக்கும்தான். இழுப்பது நன்றி சொல்கிறவனா? விளம்பரத்துக்குக் கடிகாரம் உண்டா, தொகுப்பாளரின் ஜோக்குக்கு உண்டா? எடிட்டிங், ஒலி, ஒப்பனை என்று பெரும்பாலான விருதுகளை ஒரு வாரம் முன்பே கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் எம்மி என்று இரண்டு இரவுகளில் தனியாகக் கொடுத்து முடித்தாயிற்று. மிச்சமிருந்த கொஞ்சம் பேருக்கும் 45 விநாடிதானா?

'அமெரிக்கக்காரன் விழாவுக்கு நீ ஏன்ப்பா கொதிக்கிறாய்?' கொதிப்பேன். பதினோரு வருடம் சீரியல் எடிட்டிங்கில் உட்கார்ந்தவன் நான். ஒரே ஒரு முறை, ஒரு சேனல் விழாவில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் நாலு பெயர் எழுதிய தாள், வியர்வையில் ஊறி மடிப்பே பிரியவில்லை. பிரிப்பதற்குள் தொகுப்பாளினி மைக்கை வாங்கிக்கொண்டு, "சார் ரொம்ப எமோஷனல் ஆயிட்டாரு, கைதட்டுங்க!" என்றார். அடுத்தது நடனம். பன்னிரண்டு நிமிடம். எண்ணினேன், அது என் தொழில்.

தாளில் முதல் பெயர் எனக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணனுடையது. ஒளிபரப்பான இரவே போன் செய்தார். "என் பேரைச் சொல்வேன்னு குடும்பத்தோட உட்கார்ந்து பார்த்தோம்டா."

"சொன்னேண்ணே, டெலிகாஸ்ட்ல வெட்டிட்டாங்க" என்றேன்.

"எந்தப் பயடா எடிட் பண்ணான்?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார்.