கூட்டமான கேம்ப்கிரவுண்டுக்கு ஒரு வக்காலத்து

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் தமிழர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில், யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களிடமிருந்து தவறாமல் ஒரு புலம்பல் வரும். "யோசமிட்டியில அப்பர் பைன்ஸ்ல தங்கினோம். ஒரே ஜனக்கூட்டம். பக்கத்து டென்ட்காரர் குறட்டை விடுறதுகூட கேக்குது. இதுக்கா நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போகணும்?" உடனே பத்து பேர் ஆமாம் போடுவார்கள். யாருமே வராத ஏரி ஒன்று தனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்வார். பெயரை மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டார்.

இந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. அப்பர் பைன்ஸ் மாதிரி, டென்ட் போட்டுத் தங்கும் யோசமிட்டி பள்ளத்தாக்கின் கேம்ப்கிரவுண்டுகளில் கூட்டம் இருப்பது குறையே இல்லை என்பது என் கட்சி. அங்கே குறை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது தலை எண்ணிக்கையில் இல்லை.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பூங்கா மொத்தம் சுமார் 3,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் 1984-ல் வந்த சட்டப்படி சாலையோ கட்டடமோ எழுப்பக் கூடாத காடு. நாம் எல்லோரும் போய் முட்டிக்கொள்வது ஏழு மைல் நீளம், ஒரு மைல் அகலத்துக்குள் அடங்கிவிடும் பள்ளத்தாக்கில். எல் கேபிடன், ஹாஃப் டோம், யோசமிட்டி அருவி எல்லாம் அங்கே ஒரே வளைவில் நிற்கின்றன. 2016-ல் பூங்காவுக்கு வந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரை இந்தச் சின்ன இடம் தாங்குவதால்தான் மற்ற காடு காடாக இருக்கிறது. தனிமைதான் வேண்டும் என்றால் பெர்மிட் வாங்கி, மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு நாள் நடங்கள். கிடைக்கும். காரை டென்டுக்குப் பக்கத்தில் நிறுத்தவும் வேண்டும், ஃப்ளஷ் டாய்லெட்டும் வேண்டும், ஆனால் வேறு ஆளே கண்ணில் படக்கூடாது என்பது என்ன நியாயம்?

"அந்தக் காலத்துல இப்படி இல்லீங்க" என்பதும் சரியில்லை. பள்ளத்தாக்குக்குள் கார்களை விட ஆரம்பித்தது 1913-ல். கிளேசியர் பாயின்ட் என்ற மலை உச்சியிலிருந்து இரவில் நெருப்புத் தணலை அருவி மாதிரி கொட்டிக் காட்டும் ஃபயர்ஃபால் என்றொரு வேடிக்கை பல காலம் நடந்தது. அதைப் பார்க்கக் கூடும் ஜனம் புல்வெளியை மிதித்து நாசம் செய்கிறது என்பதும் ஒரு காரணமாகி, 1968 ஜனவரியோடு நிறுத்தினார்கள். 1970 ஜூலை 4 அன்று ஸ்டோன்மன் புல்வெளியில் கூடிய இளைஞர்களைக் கலைக்க ரேஞ்சர்கள் என்ற பூங்காக் காவலர்கள் குதிரையில் இறங்கி, அடிதடியாகிப் பலர் கைதானார்கள். நம் பெற்றோர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே கூட்டம் கூட்டம்தான்.

ஆளில்லாத அந்தப் பள்ளத்தாக்குப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் இல்லாமல் அது எப்போதும் இருந்ததில்லை. அவானிச்சி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். 1851-ல் மரிப்போசா பட்டாளம் உள்ளே புகுந்து அவர்களை விரட்டியது. திரும்பி வந்து ஒட்டிக்கொண்டவர்களின் கடைசிக் கிராமம் கேம்ப் 4 என்ற கேம்ப்கிரவுண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் 1969-ல் தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகு டென்ட் போட்டவர்கள் நாம். நமக்குப் பக்கத்தில் இன்னொருவன் டென்ட் போட்டால் மட்டும் இயற்கை கெட்டுவிட்டதாம்.

போன வருஷம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். அம்மாவைக் கூடாரத்தில் படுக்க வைப்பதா என்று என் கணவருக்குத் தயக்கம். செக்-இன் மதியம் பன்னிரண்டு மணிக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கம் கிளம்புகிறவர்கள் டென்டை உதறிக்கொண்டிருக்க, மறுபக்கம் வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா காரிலிருந்து இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "என்னடி இது, அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முந்தின ராத்திரி மாதிரி இருக்கு." செல்லூரில் வளர்ந்தவர். சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் ஊராக மாட்டுவண்டி கட்டி வந்து, ஆற்றங்கரை நெடுக அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும் ஜனத்தைச் சின்ன வயதில் பார்த்தவர். அவர் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்தில் பக்கத்து சைட்டில், அதாவது எங்களுக்கு அடுத்த டென்ட் இடத்தில், டிரெய்லரோடு வந்திருந்த ஃப்ரெஸ்னோ பாட்டியம்மாவிடம் முறுக்கு கைமாறிவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பாட்டி பேசுவது புரியாது, பாட்டிக்கு அம்மா பேசுவது புரியாது. ஆனாலும் முட்டிவலி பற்றி இருவரும் நெடுநேரம் பேசினார்கள்.

பள்ளத்தாக்கில் படுக்க இருக்கிற வழிகளைப் பாருங்கள். அவானி ஹோட்டலில் சீசன் நேரத்தில் ஓர் இரவுக்கு 500 டாலரைத் தாண்டும். அப்பர் பைன்ஸில் ஒரு சைட்டுக்கு 36 டாலர், ஆறு பேர் வரை படுக்கலாம். கேம்ப் 4-ல் தலைக்கு 10 டாலர். ஹோட்டல் ஜன்னலில் தெரியும் அதே மலைதான் டென்ட் வாசலிலும் தெரிகிறது. கேம்ப் 4-ஐ மலையேறிகள் பல தலைமுறையாகத் தங்கள் வீடாக வைத்திருந்தார்கள். 1997 வெள்ளத்துக்குப் பிறகு அதை ஒட்டி ஊழியர் குடியிருப்பு கட்டத் திட்டம் போட்டபோது அவர்கள் வழக்குக்குப் போனார்கள். 2003-ல் அந்த இடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது. நெருக்கியடித்துப் படுக்கும் ஒரு மண்தரை பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அங்கே படுத்த கூட்டம்தான்.

அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் கூட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. 1997 ஜனவரி முதல் வாரத்தில் பள்ளத்தாக்கில் ஓடும் மெர்செட் ஆறு பெருக்கெடுத்து, அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு கேம்ப்கிரவுண்டுகளை முழுதாகவும் லோயர் பைன்ஸில் ஒரு பகுதியையும் அடித்துக்கொண்டு போனது. அந்த இரண்டையும் திரும்பத் திறக்கவே இல்லை. ஆற்றங்கரை ஆற்றுக்கே என்று விட்டுவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். விளைவு, பள்ளத்தாக்கின் டென்ட் இடங்களில் ஏறக்குறைய பாதி ஒரே வாரத்தில் போனது. வருகிற ஜனம் மட்டும் குறையவில்லை.

அதனால்தான் இன்று அந்தக் காலை 7 மணிக் கூத்து. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி, ஐந்து மாதம் கழித்து வரும் ஒரு மாதத்துக்கான முன்பதிவு திறக்கும். 7 மணிக்குத் திறந்தால் கோடை வாரக்கடைசிகள் கண்மூடித் திறப்பதற்குள் காலி. புருஷன் ஒரு லேப்டாப், பெண்டாட்டி ஒரு லேப்டாப், மச்சான் சன்னிவேலில் ஒரு லேப்டாப். இது யாருக்குத் தோதான முறை? அந்த நேரத்தில் மீட்டிங் இல்லாதவனுக்கு, வேகமான இன்டர்நெட் இருக்கிறவனுக்கு, ஐந்து மாதம் கழித்து எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று இன்றே தெரிந்தவனுக்கு. ஃப்ரெஸ்னோ பக்கம் தோட்டங்களில் பழம் பறிப்பவருக்கு அல்ல. அவர் வீடு நம் வீட்டைவிட யோசமிட்டிக்குப் பக்கம். நார்த் பைன்ஸ் என்ற இன்னொரு கேம்ப்கிரவுண்டில் சில காலமாகக் குலுக்கல் முறையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். எல்லாக் கேம்ப்கிரவுண்டிலும் பாதி இடத்தையாவது குலுக்கலில் விட வேண்டும் என்பேன். விரல் வேகத்தைவிட அதிர்ஷ்டம் கொஞ்சம் நேர்மையானது.

இனி நம்மாட்கள் பக்கம் வருகிறேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

அப்பர் பைன்ஸ் வாசலில் இடமில்லை என்று போட்டிருக்கும். ராத்திரி பல் தேய்த்துவிட்டு டாய்லெட்டிலிருந்து திரும்பும்போது சைட்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். கம்பத்தில் முன்பதிவுச் சீட்டு செருகியிருக்கும். மேசை காலி, அடுப்புக்குழி சுத்தம், டென்டும் இல்லை, வண்டியும் இல்லை. ஒரு சுற்றில் இப்படிச் சில தென்படும். எங்கே போனார்கள்? எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் குழுவிலேயே அந்த உத்தி நடக்கிறது. நாலு குடும்பமும் தனித்தனியாக வியாழன் முதல் ஞாயிறு வரை போட்டு வைப்பது. கிடைத்த சைட்டில் நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தை "பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவது. வெள்ளி ராத்திரி கிளம்பினால் போதும், வியாழன் சும்மா கிடக்கட்டும் என்பது. ரத்து செய்தால் பிடித்தம் 10 டாலர். சொல்லாமல் வராமல் போனால் முதல் இரவுக் கட்டணமும் 20 டாலர் அபராதமும். இந்த ஊர்ச் சம்பளத்துக்கு அது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு. யாருக்கு உறைக்கப் போகிறது? வராதவன் இடத்தை அன்றிரவு வாசலில் நிற்கிறவனுக்கும் தருவதில்லை. அபராதத்தை நாலு மடங்காக்கி, மாலைக்குள் வந்து சேராதவன் தகவலும் சொல்லாவிட்டால் இடத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். கூட்டம், கூட்டம் என்று பேசுகிறோமே, என்னை உறுத்துவது இந்தக் காலி மேசைகள்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பது விதி. 10 மணிக்கு முன்னால் கத்தலாம் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எண்பதுகளின் பாட்டு எனக்கும் பிடிக்கும், தங்கமே. ஆனால் உன் ரசனையை மூன்று சைட் தள்ளிப் படுத்திருக்கும் கைக்குழந்தை ஏன் கேட்க வேண்டும்? ஸ்பீக்கராவது ரேஞ்சர் டார்ச்சோடு வந்து நின்றால் அடங்கும். இன்னொரு சத்தத்துக்கு மருந்தே இல்லை: ஒவ்வொரு தடவை காரைப் பூட்டும்போதும் "பீப்" என்று ஒரு ஹாரன். பாய் எடுக்க ஒரு பீப், ஸ்வெட்டருக்கு ஒரு பீப், பூட்டினோமா என்ற சந்தேகத்துக்கு இரண்டு பீப். சாவியை நுழைத்துக் கையால் பூட்டலாம், மக்களே. அந்தக் கதவில் அதற்கு ஓட்டை இருக்கிறது.

கரடி விஷயத்தில் நம்மாட்கள் இரண்டு வகை. ஒன்று, நடுங்கிச் சாகிற வகை. இன்னொன்று, "அதெல்லாம் வராதுங்க" வகை. ஆபத்து இரண்டாவது வகைதான். ஒவ்வொரு சைட்டிலும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. தாழ்ப்பாளைக் கரடியின் பாதம் திறக்க முடியாதபடி அமைத்திருப்பார்கள். விரலை உள்ளே விட்டு அழுத்தினால்தான் திறக்கும். சாப்பாடு மட்டுமில்லை, பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், வாசனை உள்ள எல்லாம் அதற்குள் போக வேண்டும். புளிசாதத் தூக்கும் ஊறுகாய் பாட்டிலும் முதலில் போகட்டும். 1998-ல் மட்டும் யோசமிட்டியில் கரடிச் சம்பவங்கள் 1,500-ஐத் தாண்டின. பெட்டிகளும் கண்டிப்பும் வந்த பிறகுதான் அது மடமடவென்று குறைந்தது. 2001 முதல் 2007 வரை கரடிகள் உடைத்த வண்டிகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. கணக்குக்கு மீறி மினிவேன்களைத்தான் அவை தேடிப்போய் உடைத்திருக்கின்றன. காரணமாகச் சந்தேகித்ததில் ஒன்று, குழந்தைகள் சீட்டில் சிந்தும் தின்பண்டத் துணுக்கு. ஒடிசி, சியன்னா என்று ஒரு மினிவேன் நிற்காத தமிழ் வீடு நம் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் எத்தனை? கார் சீட்டைக் கழற்றி உதறிவிட்டுக் கிளம்புங்கள். மனிதச் சோறு பழகிய கரடிக்குப் பல சமயம் முடிவு துப்பாக்கிதான்.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். மே முதல் செப்டம்பர் வரை மாலை 5 முதல் 10 வரைதான் விறகு எரிக்கலாம், அதனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூட்டுவார்கள். இரண்டு பக்கமும் மலைச்சுவர், புகை மேலே போக வழியில்லாமல் மரக்கிளை உயரத்தில் தட்டையாக நிற்கும். ஆஸ்துமா இருந்தால் யோசித்துப் போங்கள். கேம்ப்கிரவுண்டில் குளியலறை கிடையாது, கரி வில்லேஜ் வரை நடக்க வேண்டும். காலையில் உப்புமா கிளறும்போது ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப் பறவை கொண்டை சிலிர்க்க மேசை விளிம்பில் வந்து உட்காரும். கண்ணை எடுத்தால் முந்திரி போச்சு.

அடுத்த 15-ஆம் தேதி உட்காரப் போகிறவர்களுக்கு: நாலு இரவு கிடைத்து இரண்டு இரவுதான் போவீர்கள் என்று தெரிந்த அன்றே மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் பாதி வரை ஓர் ஆளுக்குப் பள்ளத்தாக்கில் ஏழு இரவுதான் அனுமதி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் கைவசம் கூடுதல் சைட் இருந்தால் உங்களுக்குத் தள்ளிவிட முடியுமா என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். ஆகஸ்டுக்கு எனக்கே ஒன்றும் மாட்டவில்லை, நானும் யாராவது ரத்து செய்வார்களா என்று போனை நோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.