எண்பதில் நிறுத்து என்று சொல்ல ஒரு ஃபைல் போதும்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்காவது ஒரு சீகை மரம் கம்பி மேல் சாய்ந்திருக்கும். கரண்ட் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எங்களில் பலர் சார்ஜரைக் கழற்றுவதே இல்லை. லித்தியம் பேட்டரிக்கு அதுதான் ஆகாது. செல் முழுச் சார்ஜான 4.2 வோல்ட் பக்கத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் சீக்கிரம் தேய்ந்துபோகும், சிலது வீங்கும். பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பில் டச்பேட் ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு கிளிக் ஆகாமல் நின்றது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருக்கிறது.

கொடுமை என்னவென்றால், எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி அந்த மெஷினிலேயே உண்டு. அதை இயக்கும் பொத்தான் மட்டும் கம்பெனியின் விண்டோஸ் செயலிக்குள் இருக்கிறது. தம்பி போட்டிருப்பதோ லினக்ஸ்.

காசு கொடுத்து வாங்கிய பொருளில் இருக்கிற வசதிக்கு வழி லினக்ஸின் மையமான கர்னலில்தான் இருக்க வேண்டும், கம்பெனி நினைத்தால் கைவிடக்கூடிய செயலியில் அல்ல. இதுதான் என் கட்சி. 2003-இல் 2.6 கர்னலோடு வந்த சிஸ்எஃப்எஸ், அதாவது வன்பொருளை ஃபைல்களாகக் காட்டும் முறை, இதற்கு நல்ல ஏற்பாடு. வன்பொருளின் ஒவ்வொரு குணமும் ஒரு ஃபைல், ஒரு ஃபைலுக்கு ஒரு மதிப்பு. பேட்டரி ஃபோல்டரில் 'சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்ட்' என்ற ஃபைலில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து 80 என்று எழுதினால் மீதியை டிரைவர், அதாவது அந்த வன்பொருளை இயக்கும் கர்னல் பகுதி, பார்த்துக்கொள்ளும்.

இது சும்மா வந்துவிடவில்லை. திங்க்பேட் லேப்டாப் வைத்திருந்தவர்கள் ஒரு காலத்தில் கர்னலோடு வராத ஒரு மாட்யூலை (கூடுதல் துண்டை)ப் போட்டு, மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேரை நேராகக் கூப்பிட்டுத்தான் இதைச் செய்தார்கள். 2018-இல் 4.17 கர்னலில் முறையான வழி வந்தது, ஆனால் அந்த டிரைவருக்கென்று தனிப் பெயரில். பொதுப் பெயர் பிறகு வந்தபோதும் பழையதைத் தூக்கவில்லை, ஏனென்றால் யாரோ ஒருவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். கர்னல்காரர்கள் ஒரு பெயருக்காக இழுத்தடிக்கிறார்கள் என்று திட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஐடியாபேட் லேப்டாப்பில் நெடுநாள் இருந்தது 'கன்சர்வேஷன்_மோட்' என்ற தனி ஃபைல். அதில் 0 அல்லது 1 மட்டும்தான், எத்தனையில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. பெயர் பொதுவாக இருந்தால்தான் 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் மாதிரி, பல கம்பெனி மெஷினுக்கும் ஒரே சுவிட்ச் வைக்க முடியும்.

"சாதாரண ஆளுக்கு எண் எதற்கு, ஆன்-ஆஃப் போதாதா?" என்பார்கள். கோவையில் போதலாம். இங்கே புயல் எச்சரிக்கை வந்த அன்று எனக்கு நூறு வேண்டும், மழை விட்டதும் அறுபது போதும். ஒரு வரி ஸ்கிரிப்டில் முடிகிற வேலை.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்புக் கருவியைப் போட்டு 'டிஎல்பி-ஸ்டாட் -பி' (tlp-stat -b) என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள், உங்கள் மெஷினில் வரம்பு வைக்க முடியுமா என்று அதுவே சொல்லிவிடும். சில மாடல்களில் ரீபூட் செய்தால் பழையபடி நூறுக்குப் போய்விடும், அதையும் கவனியுங்கள். டச்பேட் ஏற்கெனவே தூக்கியிருந்தால் இதெல்லாம் வேண்டாம், முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.