அஸ்பெஸ்டஸ் கூரையைத் தேய்க்காதீர்கள்

அண்ணா, ஆலங்கட்டி மழைக்கு முன் பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டில் தண்ணீர் தெளித்து, கம்பி பிரஷால் தேய்த்து, பெயின்ட் அடித்தால் கூரை பலமாகும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் தூசியைக் குறைக்கும், சரி. ஆனால் பிரஷ் சீட்டின் மேற்பரப்பையே சுரண்டிவிடும். சீட்டிலிருந்து கழன்ற அஸ்பெஸ்டஸ் நார் தண்ணீரோடு கூரைப் பீலிக்கும் முற்றத்துக்கும் போய், காய்ந்ததும் காற்றில் எழும்பும். அதைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம், அதுவும் பல வருடம் கழித்து. கூரைச் சீட்டில் வழக்கமாக இருக்கும் வெள்ளை வகை அஸ்பெஸ்டஸும் இதற்கு விலக்கில்லை. நொறுங்கத் தொடங்கிய சீட் பெயின்டால் உறுதியாகாது.

கொழும்பில் ஆலங்கட்டி அபூர்வம். மார்ச், ஏப்ரல் பின்னேர இடிமழையும் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றும்தான் இங்கே கூரையைச் சோதிப்பவை. பீலியில் அடைத்த மாவிலையை அள்ளுங்கள், கூரைமேல் சாயும் கொப்பை வெட்டுங்கள். பகலில் சீலிங்குக்கு மேலே எட்டிப் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடத்தில் பெரும்பாலும் ஆணியின் வாஷர் வெடித்திருக்கும். மேலே ஏறுவதென்றால் கூரை வேலை பழகிய பாஸை (மேசன் அல்லது தச்சரை) கூப்பிட்டு, பலகை போட்டுத்தான் நடக்கச் சொல்லுங்கள். வெடித்த சீட்டை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றி, பொலித்தீனில் சுற்ற வேண்டும்.