ஆப்பிள் தீவும் ஐந்து சவப்பெட்டிகளும்

பால் ஹார்டிங் எழுதிய ‘திஸ் அதர் ஈடன்’ நாவலைப் படித்து முடித்து மூன்று வாரம் ஆகிறது. 2023 புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த புத்தகம். முதல் வாரம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ‘படிச்சே ஆகணும்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது கேட்டால் ‘படிங்க, ஆனா...’ என்று இழுக்கிறேன். அந்த ‘ஆனா’வுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கதையையும் போட்டு உடைக்கப் போகிறேன், படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இத்தோடு நகர்ந்துவிடுங்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அதன் கரையோரத்தில் ஆப்பிள் தீவு என்று ஒன்றை ஹார்டிங் கற்பனையில் எழுப்புகிறார். அடிமையாக இருந்து விடுபட்ட பெஞ்சமின் ஹனி, அயர்லாந்துக்காரியான மனைவி பேஷன்ஸோடு 1792இல் அங்கே குடியேறுகிறார். ஆப்பிள் விதை போட்டுத் தோப்பு உண்டாக்குகிறார். 1815இல் பெரும்புயல் வந்து கடலே தீவுக்குள் ஏறுகிறது. ஜனங்கள் மரத்தில் தொற்றிக்கொண்டு உயிர் தப்பப் பார்க்கிறார்கள். நூறு வருஷம் கழித்து அந்த வம்சத்தில் வந்த எஸ்தர் பாட்டி இதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். சாக்கரி என்று ஒரு கிழவர், பொந்து விழுந்த ஓக் மரத்துக்குள் உட்கார்ந்து பைபிள் காட்சிகளைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்.

1815 செப்டம்பர் புயல் நிஜம், நியூ இங்கிலாந்து என்கிற அமெரிக்க வடகிழக்குப் பகுதியையே புரட்டிப் போட்ட புயல் அது. நிஜமான புயலைப் பொய்யான தீவின் மேல் வீச வைப்பதுதான் எழுத்தாளனின் சாமர்த்தியம். இல்லாத ஊருக்கு இப்படி ஒரு தலபுராணமே கட்டிவிட்டார் மனிதர். இதுவரை எனக்கு எந்த வழக்கும் இல்லை.

வழக்கு எங்கே வருகிறது என்றால், இந்தப் பொய்த் தீவுக்குப் பின்னால் ஒரு மெய்த் தீவு இருக்கிறது. பெயர் மலாகா. ஹார்டிங் இதை மறைக்கவில்லை, கதை தொடங்கும் முன்னாலேயே மலாகாவைப் பற்றிய குறிப்பை வைத்துவிடுகிறார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடப் போனேன். அங்கேதான் தூக்கம் போச்சு.

நியூ மெடோஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பிப்ஸ்பர்க் ஊருக்கு எதிரே, கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறது மலாகா. நாற்பது ஏக்கர் சொச்சம். 1860களிலிருந்து கறுப்பரும் வெள்ளையரும் கலந்து மணம் செய்துகொண்ட மீனவக் குடும்பங்கள் அங்கே இருந்தன. பலர் பெஞ்சமின் டார்லிங் என்ற கறுப்பரின் வழிவந்தவர்கள். 1794இல் பக்கத்துத் தீவு ஒன்றை விலைக்கு வாங்கியவர் இந்த டார்லிங். அவர் மனைவியின் பெயர் சாரா ப்ரோவெர்ப்ஸ். நாவலில் மரம் செதுக்கும் கிழவரின் முழுப்பெயர் சாக்கரி ஹேண்ட் டு காட் ப்ரோவெர்ப்ஸ். இந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடித்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மலாகாக்காரர்கள் மீன் பிடித்தார்கள், மட்டி தோண்டினார்கள், சிங்கி இறால் பிடித்தார்கள், கரையில் கூலி வேலைக்கும் போனார்கள். ஏழைகள். அந்த ஏழ்மையைத் தாங்கும் செலவு யாருடையது என்று பிப்ஸ்பர்க்கும் பக்கத்து ஊரான ஹார்ப்ஸ்வெல்லும் சண்டை போட்டன. ‘உன் ஊர்’, ‘இல்லை, உன் ஊர்’. கடைசியில் 1905இல் மாநில அரசே பொறுப்பேற்றது. அதே காலத்தில்தான் அந்தக் கரை கோடைக்கால உல்லாசத் தலமாக மாறிக்கொண்டிருந்தது. ஓட்டல் வருகிறது, நிலத்துக்கு விலை ஏறுகிறது, எதிரே கண்ணை உறுத்தும்படி கறுப்பு முகங்கள்.

பத்திரிகைகள் புகுந்தன. அந்தத் தீவுக்கு அவர்களும் ஒரு வரலாறு எழுதினார்கள். ஏதோ ஒரு கப்பல் கேப்டன் இறக்கிவிட்டுப் போன அடிமைகளின் வாரிசுகளாம். சோம்பேறிகளாம், அண்ணன் தங்கை முறை கூடப் பார்க்காமல் கூடி வாழ்கிறவர்களாம், அதனால் புத்தி மழுங்கிப் பிறக்கிறவர்களாம். தீவுக்காரர்களின் படத்தைத் தபால் அட்டையாகப் போட்டு விற்கவும் செய்தார்கள்.

1911இல் கவர்னர் ஃபிரெடரிக் பிளெய்ஸ்டட் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குடிசைகளை அழுக்கோடு சேர்த்துக் கொளுத்திவிடுவதே நல்லது என்று நிருபரிடம் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் எட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டுபோய் ‘மந்தபுத்திக்காரர் பள்ளி’யில் அடைத்தார்கள். மற்றவர்கள் தீவைக் காலி செய்ய 1912 ஜூலை 1 கெடு. கையில் பத்திரம் இல்லாத ஜனம், யாரிடம் போய் முறையிடும்? தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அதே ஜூலை மாதம்தான் லண்டனில் முதலாவது உலக இனமேம்பாட்டு மாநாடு கூடியது. யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று படித்தவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு பேசிய மாநாடு.

இப்போது நாவலுக்கு வருகிறேன்.

நாவலில் எஸ்தர் பாட்டிக்கு ஒரு ரகசியம். அவள் மகன் ஈஹா, அவளுடைய தகப்பனுக்கே பிறந்தவன். தீவின் இன்னொரு குடும்பத்திலும் நெருங்கிய ரத்த உறவுக்குள் கூடிப் பிறந்த பிள்ளைகள், வெளுத்துப் போய், வெளிச்சம் தாங்காமல், ராத்திரியில் நடமாடுகிறவர்கள். ஹார்டிங் இவர்களை அன்போடுதான் எழுதுகிறார், அதை மறுக்க மாட்டேன். எஸ்தர் பட்ட கொடுமையை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனால் அன்போடு எழுதினாலும் அது 1900களின் பத்திரிகைக்காரன் சொன்ன அதே கதைதானே? மலாகாவை அழிக்க எந்தப் பழியைப் போட்டார்களோ, அந்தப் பழியையே எடுத்துக் கற்பனைத் தீவின் உண்மையாக்கி வைத்திருக்கிறார். ‘அவங்க சொன்னது சரிதான், இருந்தாலும் பாவம்’ என்பதுபோல் ஆகிவிடுகிறது.

இதை நண்பன் ஒருவனிடம் போனில் புலம்பினேன். ‘நாவல்தானடா, பேரையே மாத்திட்டாரே, அப்புறம் என்ன?’ என்றான். நியாயமான கேள்வி. பேரை மாற்றினால் போதும் என்று நானும் பல தடவை வாதாடியவன்தான். நிஜ ஊரைப் பற்றி மூச்சே விடாமல் எழுதியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. இங்கே வாசலில் மலாகா என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே ஆப்பிள் தீவைக் காட்டுகிறார். வெளியேற்றம் நிஜம், பள்ளி நிஜம், கவர்னர் பேச்சு நிஜம். அப்படியானால் முறைதவறிய பிறப்பும் நிஜமாக இருக்கும் என்றுதானே படிக்கிறவன் நினைப்பான்? நானே முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

மலாகாவைத் தோண்டிப் பார்த்த தெற்கு மெய்ன் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தது என்ன தெரியுமா? பீங்கான் துண்டு, தூண்டில் முள், சட்டைப் பொத்தான், ஆணி, மீன் எலும்பு. மெய்ன் மண்ணில் புளிப்பு அதிகம், எலும்பெல்லாம் கரைந்துவிடும். இந்த ஜனங்கள் தின்று போட்ட மட்டி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து, அந்தச் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்து, எலும்புகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தக் கரையில் வேறு எந்த ஏழை மீனவன் வீட்டைத் தோண்டினாலும் ஏறக்குறைய இதேதான் கிடைக்கும். மலாகாவுக்கு யாருமே கொடுக்காதது இந்தச் சாதாரணத்தைத்தான். பத்திரிகை அவர்களை மிருகமாக்கியது, நாவல் அவர்களை பைபிளின் ஆதியாகமத்து மாந்தராக்கியது. காலையில் எழுந்து வலையைப் பழுது பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பத்தை யார் எழுதுவது? பள்ளி என்றதும் நினைவுக்கு வருகிறது. மிஷனரிகள் கட்டிய அந்தப் பள்ளிக் கட்டடத்தை மட்டும் வீணாக்காமல் பெயர்த்து இன்னொரு தீவுக்குக் கொண்டுபோனார்கள்.

கெடு நாளன்று அரசு ஆள் போய் இறங்கியபோது வீடுகளைக் காணோம். ஜனங்கள் தாங்களாகவே பலகை பலகையாகப் பிரித்துத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொளுத்த ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் இடுகாட்டைத் தோண்டினார்கள். பதினேழு பேரின் எலும்புகளை ஐந்து பெட்டிகளில் அடைத்து, அதே மந்தபுத்திக்காரர் பள்ளியின் கல்லறையில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பக்கத்தில் ‘மலாகாக்காரன்’ என்பது வசைச்சொல். வாரிசுகள் பூர்வீகத்தை வெளியே சொல்லாமலே வாழ்ந்தார்கள். 2010இல்தான் கவர்னர் ஜான் பல்டாச்சி அந்தத் தீவுக்கே போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். வெட்கம் விலகி அவர்கள் வாய் திறக்கத் தொடங்கிப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகாத நேரத்தில் இந்த நாவல் வந்திருக்கிறது. என் எரிச்சல் அங்கேதான்.

இந்த நாவல் இல்லையென்றால் மலாகா என்ற பெயரே என் காதில் விழுந்திருக்காது என்பதும் உண்மைதான். அந்தக் கடனை மறுக்க முடியாது. நல்ல வாக்கியங்களுக்காக மட்டுமே படிக்கலாம், அத்தனை அழகு. ஹார்டிங்கின் முதல் நாவலுக்கே புலிட்சர் கொடுத்தார்கள், சும்மா கொடுக்கவில்லை.

போனில் பேசினவன் புத்தகத்தை இரவல் கேட்டான். கொடுத்துவிட்டேன். உள்ளே ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன், மட்டி ஓடு, ஆணி, பொத்தான், ஐந்து பெட்டி, பதினேழு பேர் என்று நான் கிறுக்கி வைத்த குறிப்பு. எஸ்தரின் தகப்பன் வருகிற பக்கத்தில்.